பதினான்காம் லேனில் வரும் பந்து

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? காதை அடைத்துக்கொண்டுதானே வேலை பார்க்கிறாய்? நேற்று அம்மாவிடம் பேசினேன். முழங்கால் வலி கொஞ்சம் தேவலையாம். அப்பாவும் நலம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் அப்பா பேச்சு வருகிறது, நாலாவது நிமிஷம் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு மறுநாள் மிச்சத்தைப் படிக்கலாம்.

விஷயம் இதுதான். எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஒரு வீடியோ கேம் செய்கிறோம். பௌலிங். கிரிக்கெட் பௌலிங் இல்லை, உன் பௌலிங். கனமான பந்தை லேன் என்கிற நீளமான மரத்தரையில் உருட்டி, அறுபதடி தள்ளி நிற்கிற பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். அம்மாவிடம் இதை விளக்குவதற்குள் பக்கத்து வீடு வரைக்கும் "என் பையன் கிரிக்கெட் கேம் பண்றான்" என்று செய்தி போய்விட்டது. இப்போது யாரைப் பார்த்தாலும் எத்தனை விக்கெட் என்கிறார்கள்.

பந்து எப்படி ஓட வேண்டும், கட்டை எப்படி விழ வேண்டும் என்கிற பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. "நிஜம் மாதிரி இருக்கக் கூடாது, நிஜமா இருக்கணும்" என்கிறார் எங்கள் மேலாளர். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் வாழ்க்கையில் இரண்டு தடவைதான் பௌலிங் ஆடியிருக்கிறேன். நீயோ பௌலிங் கூடத்து மெக்கானிக்காக ஐந்து வருடமாக அந்தக் கட்டைகளோடு குடும்பம் நடத்துகிறாய். முதல் பதிப்பையும் அதை ஓட்டுகிற பெட்டியையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஆடிப் பார். எங்கெங்கே பொய் என்று சொல். திட்டினாலும் சரி.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி


ஜனவரி 26

அன்புத் தம்பிக்கு,

கடிதமும் பார்சலும் வந்தன. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கம்பெனி கொடுத்த காதடைப்பானைக் காலையில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுகிறேன். அம்மாவை மாடிப்படி ஏற விடாதே என்று சொல்ல நினைத்தேன். நீ அங்கே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. போனில் சொல்.

உன் கேம் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் உன் கட்டைகள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஒரே நேரத்தில் மயக்கம் போட்டு விழுகின்றன.

நான் நிற்கிற இடத்தைச் சொல்கிறேன். பதினான்கு லேன்களுக்கும் பின்னால் நீளமாக ஒரு சந்து. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வரிசையாக மெஷின்கள். விழுந்த கட்டைகளை வாரி, சக்கரத்தில் ஏற்றி, மறுபடி பத்தையும் முக்கோணமாக நிறுத்துவது மெஷின். பந்து தோல் மெத்தையில் மோதி நின்று, குட்டி லிஃப்டில் ஏறித் தரைக்கடியில் ஓடி, ஆடுகிறவரிடமே திரும்பப் போகும். கட்டைகளுக்கு மேலே முன்பக்கத்தில் படம் போட்ட பலகை ஒன்று உண்டு. அதனால் அவர்களுக்கு நாங்கள் தெரிய மாட்டோம், எங்களுக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள். குனிந்து மெஷின் இடுக்கில் பார்த்தால் லேனின் பளபளப்பும் அதில் வருகிற பந்தும்தான் தெரியும்.

அங்கிருந்து பார்த்தவள் சொல்கிறேன், கேள். அடிபட்ட கட்டை உடனே விழாது. ஒரு கணம் யோசிக்கும். சில கட்டை நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, விழப்போகிறது என்று நினைக்கும்போது நிமிர்ந்து நின்றுவிடும். சில கட்டை படுத்துக்கொண்டே குறுக்கே உருண்டு போய், எல்லோரும் கைவிட்ட கடைசிக் கட்டையின் காலைத் தட்டிவிடும். எத்தனை லட்சம் தடவை பார்த்திருப்பேன். ஒரு தடவை விழுந்த மாதிரி இன்னொரு தடவை விழுந்ததில்லை. இன்றைக்கும் ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு வாய் பார்த்து நிற்கிறேன். எங்கள் மேற்பார்வையாளர் விசில் ஊதிய பிறகுதான் வேலை ஞாபகம் வருகிறது. அந்தச் சத்தத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாது என்று கழுத்தில் விசில் மாட்டியிருக்கிறார். அவர் பெயரே விசில் ஆகிவிட்டது.

இன்னொன்று, எண்ணெய். தினமும் காலையில் வண்டி ஓட்டி லேனுக்கு எண்ணெய் பூசுகிறேன். முதல் நாற்பதடிக்குத்தான். கடைசி இருபதடி காய்ந்த மரம். பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டே வரும். காய்ந்த இடம் வந்ததும் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பும். அது திரும்புகிற இடத்தைப் பார்த்தால் பந்துக்குப் புத்தி இருக்கிறது என்று சத்தியம் செய்வாய். போகிற ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறது. பதினொரு மணிக்கு இருந்த லேன் மூன்று மணிக்கு இருக்காது. உன் கேமில் லேன் காலை முதல் மாலை வரை கண்ணாடி மாதிரி அப்படியே கிடக்கிறது.

மெஷினுக்குள் கை விடும் முன் சுவிட்சை அணைத்து, சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொள்கிறேன். ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்று உனக்குத் தோன்றினால் சொல்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.
அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேனா என்று மட்டும் கேட்காதே.

உன் கடிதத்தை அலுவலகத்தில் சத்தமாகப் படித்தேன். "கட்டை யோசிக்கும்" என்ற இடத்தில் மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. "உங்க அக்கா என்ன படிச்சிருக்காங்க?" என்று கேட்டார். அந்த ஒரு வரிக்காக பத்து நாள் வேலை செய்தோம். லேனை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு எண்ணெய் என்று கணக்கு வைத்தேன். பந்து போகப்போக எண்ணெய் நகர்கிறது. நேற்று நாற்பது பந்து விட்டேன். நாற்பத்தொன்றாவது, அதே கோணம், அதே வேகம், வேறு இடத்தில் திரும்பியது. எழுதியவன் நான், எனக்கே முதுகு சிலிர்த்தது.

இப்போது ஒரு சிக்கல். தேர்ந்த ஆட்டக்காரர்கள் சிலரை அழைத்து வந்து வீசச் சொல்லிப் பதிவு செய்தோம். அதெல்லாம் பிரமாதம். ஆனால் புதிதாகப் பழகுகிற ஆளின் பந்து எங்களிடம் இல்லை. தெரிந்தவனைத் தெரியாதவன் மாதிரி வீசச் சொன்னால் நாடகம் போடுகிறான். உன் லேன்களில் யாராவது தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்கிறவர் இருந்தால், அவர் பந்தைக் கவனித்துக் குறித்து அனுப்புவாயா? வருகிற நேரம், திரும்புகிற இடம், விழுந்த கட்டைகள், இவ்வளவு போதும்.

நீ சொல்லச் சொன்னதைப் போனில் சொன்னேன். சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறாய் என்று. அப்பா செய்தித்தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷின் அவர் வலது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் எடுத்துக்கொண்டபோது நீ பத்தாவது படித்தாய், நான் எட்டாவது. ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பார்க்காமல் நம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், ஞாபகமிருக்கிறதா? "மெஷின்கிட்ட போறவ என் கண்ணுல படவேண்டாம்" என்று நீ இந்த வேலையில் சேர்ந்தபோது அவர் உன்னிடம் சொன்னது கோபத்தில் இல்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும். இதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே.

கையைப் பார்த்துக்கொள்.
தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

மடித்து வைத்தேன். மூன்று நாள் கழித்துப் பிரித்தேன். நலமாக இருக்கிறேன்.

உனக்கு வேண்டிய ஆள் கிடைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, கடைசி லேனில், பதினான்கில் வருகிறவர். என் வேலை மேசை அந்த மெஷினுக்குப் பக்கத்தில்தான், அம்மாவிடம்கூட எப்போதோ சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் மற்ற லேன்கள் காலியாக இருக்கும். அதனால் அந்த ஒரு பந்தின் சத்தம் தனியாகக் கேட்கும். அக்டோபரில் இருந்து வருகிறார் என்று நினைக்கிறேன். யார் என்று தெரியாது. வேலை நேரத்தில் நாங்கள் முன்பக்கம் போவதில்லை. இந்தக் கிரீஸ் உடுப்போடு போனால் விசில் ஊதியே கொன்றுவிடுவார்.

முதல் மாதம் முழுக்கப் பந்து லேனின் ஓரத்தில் இருக்கிற குழியில்தான் போனது. ஒரு மணி நேரத்தில் முப்பது பந்து விட்டால் இருபத்தைந்து குழியில். வேறு யாராக இருந்தாலும் வாடகை ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் அடுத்த செவ்வாயும் வந்தார். டிசம்பரில் நாலு கட்டை, ஐந்து கட்டை. ஜனவரியில் ஒரு தடவை எட்டு.

வேகம் இல்லை. நல்ல ஆட்டக்காரர் பந்து இரண்டரை வினாடியில் வந்துவிடும். இது நாலரை வினாடி. அவசரமே இல்லாமல் வருகிறது. கடைசி இருபதடியில், நின்றுவிடுமோ என்று நமக்குத்தான் மூச்சு முட்டும். நின்றதில்லை. என் வலப்பக்கமாகக் கிளம்பி, காய்ந்த இடம் வந்ததும் இடப்பக்கம் கொஞ்சமாகத் திரும்புகிறது. நீலப் பந்து, பத்து பவுண்டு, எங்கள் கிடங்கிலேயே பழையது. அதைத்தான் ஒவ்வொரு தடவையும் எடுக்கிறார்.

மூன்று செவ்வாய்க்கிழமைகளின் கணக்கை இணைத்திருக்கிறேன். நூற்றுப் பதினேழு பந்துகள். ஸ்டாப்வாட்ச் என்னுடையது, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். உலகத்தில் இவ்வளவு பொறுமை இருக்கிறது என்பது குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது.

உடம்பு பத்திரம்.
அக்கா


மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்கும் முழங்கால் பரவாயில்லை, இப்போது மாடி ஏறுகிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டாராம்.

உன் கணக்கை வைத்து ஒரு வாரம் திண்டாடினேன். பந்து ஒரு பக்கம் திரும்ப வேண்டும், கணினியில் இன்னொரு பக்கம் திரும்பியது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அப்புறம்தான் உறைத்தது. நீ எதிர்ப்பக்கம் நிற்கிறாய். உன் வலது அவருக்கு இடது. தலையில் குட்டிக்கொண்டு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன். நூற்றுப் பதினேழு பந்துகளில் நூறு அப்படியே பொருந்தின. அந்த ஆள் இடது கையால் வீசுகிறார்.

இன்னொன்றும் கணக்கு சொல்கிறது. அவர் பிறவி இடதுகைக்காரர் இல்லை. பிறவியிலேயே இடது கை என்றால், பழகாத ஆளாக இருந்தாலும் மணிக்கட்டு ஒரே மாதிரி இருக்கும். இவருக்குப் பந்துக்குப் பந்து மாறுகிறது. கை இப்போதுதான் கற்றுக்கொள்கிறது. "வலது கை இருந்தும் பயன்படாத ஆள்" என்றார் மேலாளர்.

அந்த வீச்சைக் கேமில் சேர்த்தோம். அலுவலகத்தில் அதற்குப் பெயரே 'செவ்வாய்க்கிழமை'. முதலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆறாவது ஏழாவது பந்தில் சத்தம் அடங்கிவிட்டது. திரையில் ஆள் இல்லை, வெறும் பந்துதான். ஆனால் அந்தப் பந்துக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மூன்று வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எண்களுக்கு உயிர் வந்து பார்த்ததில்லை.

இன்னும் குறித்து அனுப்பு. அவர் தேறுகிறாரா என்று இங்கே பதினாறு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்போடு,
தம்பி


ஏப்ரல் 13

அன்புத் தம்பிக்கு,

நலம். அங்கே வெயில் எப்படி? இங்கே சந்தில் காற்றாடி போட்டாலும் மெஷின் சூடுதான் சுற்றிச் சுற்றி வருகிறது.

உன் பதினாறு பேருக்கும் செய்தி இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை பதினான்கில் பந்து லிஃப்ட் நின்றுவிட்டது. பந்து மெத்தையிலேயே கிடந்தது. மெஷினை அணைத்து, சாவியைப் பையில் போட்டு, உள்ளே இறங்கிப் பந்தைக் கையில் எடுத்தேன். ஆறு மாதமாகப் பார்க்கிற பந்து, கையில் எடுத்தது அன்றுதான். மேலெல்லாம் எண்ணெய். துணியால் துடைத்தேன். விரல் துளைகளுக்குள்ளும் துடைத்தேன். கையாலேயே திரும்புகிற வழியில் தள்ளிவிட்டேன்.

அடுத்த பந்து வரவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். இடுக்கில் பார்த்தால் லேன் மட்டும் பளபளவென்று கிடக்கிறது. நாலு நிமிஷம் ஆகியிருக்கும். போய்விட்டார் என்று நினைத்தேன்.

பிறகு வந்தது. நாலரை வினாடியை எப்படிச் சொல்வது. எண்ணெயில் சத்தமில்லாமல் மிதந்து, காய்ந்த மரம் தொட்டதும் மெதுவாகத் தலையைத் திருப்பி, முதல் கட்டைக்கும் அதன் பக்கத்துக் கட்டைக்கும் நடுவே, நீங்கள் எல்லோரும் கோடு போட்டுக் காட்டுகிற அதே இடத்தில் நுழைந்தது. வேகமான பந்து என்றால் கட்டைகள் வெடித்துச் சிதறும். இது அப்படி இல்லை. ஒன்று இன்னொன்றின் தோளைத் தட்டி, அது அடுத்ததைத் தட்டி, வரிசையாக விஷயத்தைச் சொல்லிக்கொண்டே சாய்ந்தன. ஒன்பது விழுந்தன. பத்தாவது ஆடிக்கொண்டே நின்றது. ஆடியது, ஆடியது, பிறகு விழுந்தது.

சந்தில் தனியாக நின்று கை தட்டினேன். யாருக்கும் கேட்டிருக்காது.

கணக்கை இணைத்திருக்கிறேன்.
அக்கா


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரமாக எழுதவில்லை. நலமாகத்தான் இருக்கிறேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் காலம் கடத்தினேன்.

ஏப்ரல் கடைசியில் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். கேம் முக்கால்வாசி முடிந்துவிட்டதால் எடுத்துக்கொண்டு போனேன். இப்போது பட்டனை அழுத்த வேண்டியதில்லை. கையில் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே வீசுவது போல் கையை ஆட்டினால் போதும். கை எப்படிப் போகிறதோ அப்படியே பந்து போகும். அம்மா முதலில் ஆடினாள். இரண்டாவது வீச்சில் மின்விசிறிச் சுவிட்சை அடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "போதும்டா, இதுக்கு உங்கப்பாதான் சரி" என்றாள்.

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்து வந்தார். கருவியை வாங்கி, இடது கைக்கு மாற்றிக்கொண்டார். நான் எப்படிப் பிடிப்பது, எத்தனை அடி எடுத்து வைப்பது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நாலு அடி நடந்து வீசிவிட்டார்.

அக்கா, உன் கணக்கை வைத்து நான் அந்தப் பந்தின் கோட்டை நானூறு தடவையாவது வரைந்திருப்பேன். கண்ணை மூடினாலும் வரையத் தெரியும். திரையில் அந்தக் கோடு போனது. சோம்பலாகக் கிளம்பி, அதே இடத்தில் திரும்பி, அதே நாலரை வினாடி. நான் 'செவ்வாய்க்கிழமை'யைத் தவறுதலாகப் போட்டுவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை. அது அவர் கை.

இருபது பந்து வீசினார். இருபதும் அதே ஆள்தான்.

"அப்பா, நீங்க இதுக்கு முன்னாடி ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இதுல கனமே இல்லையேடா" என்றார். அதுதான் பதில்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பக்கம் பந்தைத் திருப்பி அனுப்புறது யாரு? மெஷினா?"

"மெஷின்தாம்ப்பா. மாட்டிக்கிச்சுன்னா ஆள்."

"ஆள் கையை உள்ள விடணுமா?"

"அணைச்சுட்டு, சாவியை எடுத்துப் பையில போட்டுக்கிட்டுத்தான் விடுவாங்க."

"ம்" என்றார். கருவியை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அம்மாவிடம் தனியாகக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை தோறும் உன் ஊரில் இருக்கிற டாக்டரிடம் ரத்த அழுத்தம் பார்த்து வருகிறாராம். ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். அக்டோபரில், ஓய்வு பெற்ற அடுத்த வாரத்தில் ஆரம்பித்தது. அம்மா அதை நம்பியிருக்கிறாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

உன்னைக் கண்ணில் படவேண்டாம் என்று சொன்ன மனிதர், அந்தச் சொல்லை மீறாமல் எவ்வளவு பக்கத்தில் வர முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார். அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் உன்னிடம் சொன்னதாக அவரிடம் சொல்ல மாட்டேன். என்ன செய்வது என்பது உன் விருப்பம்.

தம்பி


ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாக உன் கடிதம் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா? கோபமா? எழுதியது தப்பு என்றால் அதையாவது எழுது. வெறும் தாளை மடித்து அனுப்பினாலும் போதும்.

தம்பி


ஜூலை 6

அன்புத் தம்பிக்கு,

கோபமில்லை. உடம்பு நலம். அம்மாவுக்கு முழங்காலில் தடவ மருந்து அனுப்பியிருக்கிறேன்.

கேமைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். புதிய பதிப்பு வந்தது. கட்டைகள் இப்போது யோசிக்கின்றன. ஒரு கட்டை சுற்றிச் சுற்றிக் கடைசியில் விழாமல் நின்றபோது என்னை அறியாமல் திட்டிவிட்டேன். எண்ணெய் சரி. மரத்தின் சத்தம் சரி, முன்பக்கம் எப்படிக் கேட்குமோ அப்படி. கனம் இல்லை என்கிற குறை நியாயமானதுதான், அதற்கு நீ ஒன்றும் செய்ய முடியாது. மற்றபடி நான் பொய் கண்டுபிடிக்க உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆடிவிட்டு எழுந்தேன்.

இங்கே பதினான்கில் லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. செவ்வாய்க்கிழமை பதினொன்றில் இருந்து பன்னிரண்டு வரை பந்துகளைத் துடைத்துக் கையால்தான் அனுப்புகிறேன். பதிவேட்டில் பழுது என்று எழுதி வைத்திருக்கிறேன். உதிரிப் பாகம் வரவில்லையா என்று விசில் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான் செய்தி.
அக்கா


ஆகஸ்ட் 3

அன்புத் தம்பிக்கு,

நீ, அம்மா எல்லோரும் நலம்தானே. நான் நன்றாக இருக்கிறேன். உட்கார்ந்து படி, இது நீளமான கடிதம்.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது ஜூனில் உன் கடிதம் பார்த்து இல்லை. மார்ச்சிலேயே தெரியும். வலது கை பயன்படாத ஆள் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டேன். உனக்கு எழுதவில்லை. எழுதினால் நீ கேட்பாய், நீ கேட்டால் அவர் நிறுத்திவிடுவார். முன்பக்கம் போய் நின்றாலும் பந்து நின்றுவிடும் என்று பயம். ஏப்ரலில் லிஃப்ட் பழுதாகவே இல்லை. நான்தான் அணைத்தேன். அந்தப் பந்தை ஒரு தடவை கையில் எடுக்க வேண்டும் போல் இருந்தது. ஒரு தடவை என்றுதான் நினைத்தேன். அப்புறம் விட முடியவில்லை.

போன செவ்வாய் பதினொன்று அடித்தது. பந்து வரவில்லை. பத்து நிமிஷம். பதினைந்து. எனக்குக் கை ஓடவில்லை. அப்போது சுவரில் இருக்கிற உள்தொலைபேசி அடித்தது. கவுன்டரில் இருக்கிற பெண்.

"அக்கா, பதினாலு ரிப்பேர்னு விசில் லேனையே மூடச் சொல்லிட்டாரு. இங்க ஒரு பெரியவர், மூணாவது லேன் தர்றேன்னா வேணாங்கிறாரு. பதினாலுதான் வேணுமாம். நகரமாட்டேங்கிறாரு. எப்போ சரியாகும்னு சொல்லட்டும்?"

"இரு, நானே வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

அந்தச் சந்திலிருந்து முன்பக்கம் போகிற கதவு வரைக்கும் பதினான்கு மெஷின்களைக் கடக்க வேண்டும். போனை வைத்ததும் பழக்கத்தில் மறுபடி மாட்டிய காதடைப்பானைக் கழற்ற மறந்துவிட்டேன். கதவைத் திறந்தபோது வெளிச்சம் மட்டும் இருந்தது, சத்தம் இல்லை. அப்பா கவுன்டரில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வாடகை ஷூவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பின்னந்தலை முழுக்க வெளுத்துவிட்டது. எனக்கு ஐந்து வருடத்துக் கணக்கு அங்கேதான் தெரிந்தது.

அவர் திரும்பினார். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார். வலது, அப்புறம் இடது. நான் என்னையறியாமல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன், நகம் வெட்டியிருக்கிறதா என்று பள்ளிக்கூடத்தில் காட்டுவோமே, அப்படி. பத்தும் கிரீஸ். அதற்கப்புறம்தான் முகத்துக்கு வந்தார்.

அவர் உதடு அசைந்தது. காதடைப்பானைக் கழற்றினேன்.

"என்னப்பா சொன்னீங்க?"

"லேன் ரிப்பேராம்" என்றார்.

"ரிப்பேரெல்லாம் இல்லப்பா. நான்தான் எழுதி வச்சேன்."

"ஏன்?"

"பந்தைக் கையால அனுப்பணும்னுதான்."

கவுன்டர்ப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா ஷூவைக் கவுன்டர்மேல் வைத்தார். "அங்க எப்படி இருக்கும்னு பார்க்கலாமா?" என்று கேட்டார். யாரோ அதிகாரியிடம் அனுமதி கேட்பது மாதிரி கேட்டார், என்னிடம்.

கூட்டிக்கொண்டு போனேன். மெஷின்களைக் கடக்கும்போது வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கணம் நின்றார். சுவிட்ச் எங்கே என்று கேட்டார், காட்டினேன். சாவி எங்கே என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, கனம் பார்ப்பது மாதிரி உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பதினான்குக்குப் பின்னால் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் என் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். என் காதடைப்பானை அவருக்கு மாட்டிவிட்டேன்.

"இங்கேர்ந்து குனிஞ்சு பாருங்க. நான் போய் ஒண்ணு விடறேன்."

ஐந்து வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன், ஆட்டமாக ஒரு பந்து விட்டதில்லை. அந்த நீலப் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டில் போய் நின்றேன். தம்பி, நீ முன்பக்கத்தைத் திரையில் எவ்வளவு சரியாகச் செய்திருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. அதே பளபளப்பு, அதே தூரம், விளக்கு விழுகிற இடம்கூட அதே. கடைசியில் பத்து வெள்ளைக் கட்டைகள், அதற்குப் பின்னால் இருட்டு. உன் கேமில் அந்த இருட்டு வெறும் இருட்டு. அங்கே எனக்கு அப்படி இல்லை. அதில் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். தெரிந்துகொண்டு விடுகிற பந்து வேறு. அக்டோபரிலிருந்து அவர் விட்டது அந்தப் பந்தைத்தான். முப்பது பந்தில் இருபத்தைந்து குழிக்குள் போனபோதும் அவர் ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று எனக்கு விளங்கியது.

விட்டேன். பாதி தூரம் போய்க் குழியில் விழுந்தது.

ஓடிப்போய்க் கவுன்டர் தொலைபேசியை எடுத்தேன். அது நாலைந்து தடவை அடித்த பிறகுதான் அவர் எடுத்தார்.

"தெரிஞ்சுதாப்பா?"



"வந்து சேர இவ்வளவு நேரமா ஆகுது?" என்றார்.

"உங்க பந்து இதைவிட மெதுவா வரும்ப்பா."

"நீ அவ்வளவு நேரமும் பார்த்துக்கிட்டிருப்பியா?"

"பார்ப்பேன்."

ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இன்னொண்ணு விடும்மா" என்றார்.

பன்னிரண்டு மணி வரைக்கும் விட்டேன். மொத்தம் பதினோரு கட்டை. அதற்கே தோள்பட்டை கழன்றுவிட்டது. விசில் நடுவில் வந்து பார்த்தார். அவர் மெஷின் பக்கத்தில் வெளியாள் உட்கார்ந்திருக்கிறார், அவர் மெக்கானிக் லேனில் பந்து உருட்டிக்கொண்டிருக்கிறாள். விசிலை வாய் வரைக்கும் கொண்டு போனார், ஊதவில்லை.

ரயிலுக்கு நடக்கும்போது அப்பா, அறையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார், சாயங்காலம் எத்தனை மணிக்குப் போவாய் என்று கேட்டார். ஏறின பிறகு ஜன்னலோரம் குனிந்து, "உங்கம்மா பிரஷர் எவ்வளவுன்னு கேட்பா. போன வாரம் நூத்தி முப்பதுன்னு சொன்னேன். இந்த வாரம் என்ன சொல்ல?" என்றார்.

"உண்மையைச் சொல்லுங்கப்பா."

"சொன்னா அவளும் வரேன்னு நிப்பா" என்றார். ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. வரட்டும் என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டதா தெரியவில்லை.

இன்று ஞாயிறு. சற்று முன் அம்மா போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை ரயிலில் இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டதாம். முழங்கால் வலியோடு பந்து உருட்டலாமா என்று டாக்டரைக் கேட்கப் போகிறாளாம், எந்த டாக்டரை என்று நான் கேட்கவில்லை. உன் பதினாறு பேருக்கும் சொல். லீவு கிடைத்தால் நீயும் வந்து சேர்.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா